போஸ்கி வீட்டு அரைக் கட்டை

அந்த ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் ஊர் அரங்கின் மேடைக்குப் பின்னால் இருந்தவர்கள் இவர்கள்: இரும்புக்கடை அமில்காரே போஸ்கி, அவர் தங்கை இல்தே, இல்தேயின் மகனும் போட்டியில் பாடியவனுமான தேசியோ, போட்டிக்குப் பியானோ வாசிக்கும் ஸெலிந்தா அம்மாள், பாட்டு முடிந்த பிறகு வந்த பாலாடைக்கட்டி வியாபாரி ஃபெருச்சோ, கடைசியாக நடுவர்கள் மூவர். வேறு யாரும் இல்லை. நேரில் பார்த்ததாகப் பார்மா நகரம் வரைக்கும் சொல்லித் திரிகிறவர்களில் ஒருவர்கூட அங்கே இல்லை.

ஒரு வாரமாக உடைந்துகொண்டிருந்த தேசியோவின் குரல் அன்று காலை பத்து மணிக்கும் உடைந்தது, மாமா வீட்டுக் கூடத்தில்.

பாட்டில் மற்ற இடமெல்லாம் அவனுக்குத் தண்ணீர் பட்ட பாடு. உச்சத்தில் ஒரே ஒரு சுரம், நெஞ்சைத் திறந்து பாட வேண்டிய மேல் 'தோ', அங்கேதான் வினை. அதைத் தூரத்தில் கண்டதுமே அவன் முகவாய் மேலே எழும். நாக்கின் அடி இறுகும். தொண்டை கதவைச் சாத்திக்கொள்ளும். அதற்குப் பிறகு வெளியே வருவது பாட்டல்ல. கோழியை மிதித்த சத்தம்.

"முகவாயை இறக்குடா" என்றார் அமில்காரே.

"இறக்கித்தான் மாமா வெச்சிருக்கேன்."

"கூரையைப் பாத்துட்டு நிக்கற. மூச்சு விலாவுக்குக் கீழே நிக்கணும், தோள்ல இல்லே. கொட்டாவி விடற மாதிரி தொண்டை திறக்கணும். மறுபடியும்."

மறுபடியும் கோழி.

இல்தே சும்மா இருக்கவில்லை. யூக்கலிப்டஸ் ஆவி பிடிக்க வைத்தாள், தொண்டை வறண்டது. வறட்சி போக இரண்டு பச்சை முட்டை கொடுத்தாள், சளி கட்டியது. சளி அறுக்கக் காரமான சாராயம் ஒரு மிடறு கொடுத்தாள். அதன் பிறகு 'தோ'வுக்கு இரண்டு படி கீழேயே குரல் பிசிறியது.

"நீ வாசலுக்குப் போய் நில்லும்மா" என்றான் தேசியோ.

பந்தயம் சிறியதல்ல. வென்றவனுக்குப் பார்மாவில் குளிர்கால இசைநாடக மேடையில் ஒரு முழு வேடம். தோற்றால் தேசியோ திங்கட்கிழமை காலை மாமா கடையில் ஆணி நிறுக்க வேண்டும். அதைவிடப் பெரியது வீட்டுப் பெயர். இந்த ஊரில் போஸ்கிகள் என்றால் இசைத்தாளில் அச்சிட்டிருக்கும் சுருதியிலேயே பாடுகிறவர்கள். அமில்காரேயின் தாத்தா காய்ச்சலோடு நின்று பாடியபோதும் அரைக் கட்டை இறக்கவில்லை. மற்ற வீடுகளில் நிலம் இருக்கிறது, பாதிரியார் இருக்கிறார். போஸ்கி வீட்டில் இருந்தது அது ஒன்றுதான்.

பதினொன்றரைக்கு அமில்காரே தொப்பியை மாட்டிக்கொண்டு, பனிமூட்டத்தில் யார் கண்ணிலும் படாமல், அரங்கின் பின்வாசல் வழியாக நுழைந்தார். ஸெலிந்தா அம்மாள் கையுறையைக் கழற்றாமலே பியானோவைத் துடைத்துக்கொண்டிருந்தார். இந்தப் போட்டி தொடங்கிய நாளிலிருந்து எல்லாப் பாடகர்களுக்கும் அவர்தான் வாசிக்கிறார். அதிகம் பேசாதவர்.

"அம்மா, ஒரு விஷயம். தேசியோவோட பாட்டு..." அமில்காரே பின்வாசலை ஒரு முறை திரும்பிப் பார்த்தார். "அரைக் கட்டை இறக்கி வாசிக்க முடியுமா? வெளியே தெரிய வேணாம்."

ஸெலிந்தா அம்மாள் துடைப்பதை நிறுத்தவில்லை.

"ஆகட்டும்."

அவ்வளவுதான். ஆனால் வெளியே வந்த அமில்காரேக்கு உடனே ஃபெருச்சோ ஞாபகம் வந்தது.

ஃபெருச்சோ மேல்மாடத்து ஆள். இங்கே அரங்கின் உண்மையான நடுவர்கள் கீழே மேசை போட்டு உட்காருகிறவர்கள் அல்லர். மலிவான சீட்டு வாங்கி மேல்மாடத்தில் நிற்கிறவர்கள். அவர்களுக்குள் ஃபெருச்சோ தலைவன். உள்கோட்டுப் பையில் எப்போதும் சுருதி பார்க்க ஓர் இசைக்கவை. பாட்டு முடிந்ததும் அதை முழங்காலில் தட்டிக் காதில் வைப்பார். ஒருமுறை மிலானிலிருந்து வந்த பெரிய பாடகரைப் பார்த்து மேலேயிருந்து கேட்டார்: "அய்யா, மீதி அரைக் கட்டையை ரயில்லயே மறந்து வெச்சுட்டீங்களா?" அந்த மனிதர் அதன் பிறகு இந்தப் பக்கம் தலைகாட்டவில்லை.

ஆகவே அமில்காரே ஃபெருச்சோவைப் பகல் சாப்பாட்டுக்கு அழைத்தார். பூசணி அடைத்த தொர்தெல்லி மூன்று தட்டு, வேகவைத்த இறைச்சி, மேலும் இறைச்சி, லாம்ப்ரூஸ்கோ ஒயின் இரண்டு புட்டி. மூன்று மணிக்கு ஃபெருச்சோ நாற்காலியிலேயே குறட்டை விடுவார் என்பது கணக்கு.

மூன்று மணிக்கு ஃபெருச்சோ எழுந்து நின்று, நாப்கினை மடித்து வைத்து, கண் கலங்கினார்.

"அமில்காரே, இருபது வருஷமா இந்தத் தெருவுல இருக்கோம். ஒரு நாள் கூப்பிட்டதில்லே நீ. உன் உப்பைத் தின்னுட்டு நான் மேல்மாடத்துல நிக்கறதா? இன்னிக்கு முன் வரிசை சீட்டு எடுக்கறேன். பியானோவுக்குப் பக்கத்துல."

"வேணாம் ஃபெருச்சோ, செலவு எதுக்கு..."

"அட, உன் மருமகன் பாட்டுல ஒரு மூச்சு விடாம கேக்கப் போறேன்யா!"

அமில்காரே மீதி இருந்த லாம்ப்ரூஸ்கோவைத் தானே குடித்தார்.

நான்கு மணிக்கு மேடைப் பக்கவாட்டில், திரைக்குப் பின்னால், மூவரும் நின்றார்கள். மேடையில் ஒரு பெண் பாடிக்கொண்டிருந்தாள். அவளுக்கு அடுத்தது தேசியோ. அவன் முகம் மாவு பூசியதுபோல் இருந்தது. அமில்காரேக்கு மனம் இளகியது.

"பயப்படாதே. ஒரு ஏற்பாடு பண்ணிருக்கேன். ஸெலிந்தா அம்மா அரைக் கட்டை இறக்கித்தான் வாசிப்பாங்க."

தேசியோவின் வாய் திறந்தபடி நின்றது. "நீங்களும் கேட்டீங்களா?"

"நீங்களும்னா?"

"நான் நேத்தே போய்க் கேட்டுட்டேன் மாமா. அரைக் கட்டை. ஆகட்டும்னாங்க."

இல்தே கைக்குட்டையைக் கடித்தாள்.

"இல்தே?" என்றார் அமில்காரே.

"அண்ணே, நான் காலையில பூசைக்குப் போற வழியில... புள்ள கஷ்டப்படுதேன்னு..."

"எவ்வளவு?"

"அரைதான் அண்ணே. நான் என்ன பேராசைக்காரியா?"

மூன்று பேரும் விரலை மடக்கிப் பார்த்தார்கள். யார் மடக்கினாலும் ஒன்றரைக் கட்டை வந்தது.

"ஒன்றரையா!" தேசியோ திரையைப் பிடித்துக்கொண்டான். "தொடக்கமே கீழ் ஸ்தாயியில இருக்கு மாமா. ஒன்றரை இறக்கினா நான் நிலவறையிலே இறங்கித்தான் பாடணும். ஒருத்தர் காதுலயும் விழாது."

"ஃபெருச்சோ காதுல விழும்" என்றார் அமில்காரே. திரை இடுக்கில் பார்த்தார். முன் வரிசையில், பியானோவுக்கு நான்கு அடி தூரத்தில், ஃபெருச்சோ உட்கார்ந்து இசைக்கவையைக் கைக்குட்டையால் பளபளவென்று துடைத்துக்கொண்டிருந்தார்.

மேடையில் அந்தப் பெண் முடித்து, முன்படி வழியே அரங்குக்குள் இறங்கினாள். கைதட்டல். ஸெலிந்தா அம்மாள் தாள்களை அடுக்கினார். ஐம்பது வயது அமில்காரே போஸ்கி, மடிப்புக் கலையாத கறுப்புக் கோட்டோடு, நான்கு காலில் தவழ்ந்து, பின் திரைக்கும் பியானோவுக்கும் இடையில் போனார்.

"அம்மா. மூணு இல்லே. ஒண்ணு. ஒரே ஒரு அரை."

"ஆகட்டும்."

அவர் தவழ்ந்து திரும்பி, முழங்காலைத் தட்டிக்கொண்டு எழுந்தபோது இல்தேயைக் காணோம். அவள் எதிர்ப்பக்கத் திரையிலிருந்து மூச்சிரைக்க ஓடி வந்தாள்.

"சொல்லிட்டேன் அண்ணே! இறக்கவே வேணாம், கடவுள் விட்ட வழின்னு சொல்லிட்டேன்."

"எப்போ சொன்ன? எனக்கு முன்னாலயா, பின்னாலயா?"

"அது எப்படித் தெரியும்? நீங்க எங்கே இருந்தீங்க?"

"பியானோவுக்கு அடியிலே!"

"அவங்க என்ன சொன்னாங்க?" என்று கேட்டான் தேசியோ.

"ஆகட்டும்னாங்க" என்றார்கள் இருவரும் ஒரே குரலில்.

மேடையில் அவன் பெயரை அழைத்தார்கள்.

"மாமா, இப்ப நான் எந்தக் கட்டையில பாடணும்?"

அந்தக் கேள்விக்கு இத்தாலியில் அப்போது விடை தெரிந்தவர் ஒருவர்தான். அவர் பியானோ முன்னால் கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"நிலவறைக்கே தயாராயிரு" என்றார் அமில்காரே. "மூச்சை அடிவயித்துக்கு இறக்கு. முகவாயை நெஞ்சோட வெச்சுக்கோ. எவ்வளவு கீழே வந்தாலும் குரல் தொலையக் கூடாது. மேலே வர்றதைப் பத்தி நினைக்காதே, அது தானா கீழே வந்துடும். போ."

தேசியோ போனான்.

முன்னிசை தொடங்கியது. அமில்காரே காதைத் தீட்டிக்கொண்டார். ஆனால் அவருக்கு அந்த நேரத்தில் தன் நெஞ்சு அடிப்பதுதான் கேட்டதே தவிர, சுருதி கேட்கவில்லை. தேசியோ கிணற்றில் இறங்குகிறவன்போல விலாவை விரித்து நின்றான். முகவாய் கழுத்துப்பட்டையில் பதிந்திருந்தது. முதல் வரி அகலமாக, உருண்டையாக, கடைசி வரிசைவரை போனது.

"கேக்குதே" என்று முணுமுணுத்தாள் இல்தே.

"வாயை மூடு."

இரண்டாம் அடி. குரல் திரும்பும் வளைவு. காலையில் அங்கேதான் அவன் கூரையைப் பார்க்கத் தொடங்குவான். இப்போது பார்க்கவில்லை. அவன் இன்னும் கிணற்றின் அடியைத் தேடிக்கொண்டிருந்தான். இல்தே அண்ணன் கையைப் பிடித்தாள், நகம் பதிந்தது. உச்சம் வந்தது. முகவாய் அசையவில்லை. தொண்டை கொட்டாவி போலத் திறந்தது. சுரம் எழுந்தது, நின்றது, இன்னும் நின்றது. மேல்மாடத்தில் ஒருவர்கூட இருமவில்லை.

பாட்டு முடிந்து எழுந்த சத்தத்தில் திரைத் தூசி உதிர்ந்தது.

அமில்காரே மட்டும் திரை இடுக்கில் ஃபெருச்சோவையே பார்த்துக்கொண்டிருந்தார். ஃபெருச்சோ இசைக்கவையை முழங்காலில் தட்டினார். காதில் வைத்தார். மறுபடியும் தட்டி, மறுபடியும் வைத்தார். பிறகு அதைப் பைக்குள் போட்டுவிட்டு, எழுந்து நின்று, எல்லோரையும்விட உரக்கக் கைதட்டினார்.

அமில்காரேயின் முகம் கறுத்தது. ஐந்தே நிமிடத்தில் ஃபெருச்சோ பின்பக்கம் வந்து அவரைக் கட்டிக்கொண்டார்.

"ஒண்ணும் பேச மாட்டேன் அமில்காரே. ஒரு வார்த்தை பேச மாட்டேன்." கண்ணைத் துடைத்துக்கொண்டு, தேசியோவின் கன்னத்தைத் தட்டிவிட்டு, ஓர் ஓரமாக நின்றார்.

"பாத்தியா?" என்று தங்கையிடம் சீறினார் அமில்காரே. "அந்த மனுஷன் காதை நான் பன்றி இறைச்சி போட்டு வாங்கிட்டேன். நாற்பது வருஷமா யாருக்கும் விலைபோகாத காது!"

"மெதுவா அண்ணே. ஜெயிக்கப் போறான். விட்டுடுங்க."

"போஸ்கி ஒருத்தன் ஓசிச் சாப்பாட்டு மறைவுல ஜெயிக்கறதா?"

நடுவர்கள் மூவரும் அந்த நேரத்தில் உள்ளே வந்தார்கள். தலைமை நடுவர் பொலோஞ்ஞாவிலிருந்து வந்த முன்னாள் பாடகி. கையில் முடிவு எழுதிய தாள். ஸெலிந்தா அம்மாள் அவர்களுக்குப் பின்னால், மேலங்கியைப் போட்டுக்கொண்டு, வீட்டுக்குக் கிளம்பியபடி வந்தார். அமில்காரே கோட்டுப் பொத்தான்களைப் போட்டுக்கொண்டு நேராக நின்றார்.

"அம்மா, அதைப் படிக்காதீங்க. என் மருமகன் பாட்டு சுருதி இறக்கினது. அவன் தப்பில்லே, நான் கேட்டேன்."

"மாமா!" என்றான் தேசியோ.

"நீ சும்மா இரு. இன்னும் இருக்கு." அவர் குரல் தாழ்ந்தது. "ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தேழுல இதே மேடையில நான் பரிசு வாங்கினேன். அன்னிக்கும் இதே மாதிரி, யாருக்கும் தெரியாம, அரைக் கட்டை இறக்கச் சொன்னேன். மெடலை எடுத்துட்டு வீட்டுக்குப் போனேன்; கண்ணாடியில என் மூஞ்சியைப் பாக்க முடியலே. அதுக்கப்புறம் நான் பாடலே."

இல்தே அண்ணனையே பார்த்தாள். தொண்டையில் சதை வளர்ந்தது, மருத்துவர் பாடக் கூடாது என்றுவிட்டார் என்றுதான் இருபத்தாறு வருடமாக வீட்டில் எல்லோரிடமும் அமில்காரே சொல்லியிருந்தார். அந்தத் தொண்டைக்காக அவள் எத்தனையோ மெழுகுவர்த்தி ஏற்றியிருக்கிறாள்.

தலைமை நடுவர் புருவத்தை உயர்த்தினார். ஃபெருச்சோவைப் பார்த்தார். ஃபெருச்சோ திகைத்துப்போய்ப் பையிலிருந்த இசைக்கவையை வெளியே எடுத்தார். அவர்கள் யாரும் வாயைத் திறப்பதற்குள், ஸெலிந்தா அம்மாள் கையுறையின் கடைசி விரலை இழுத்து விட்டுக்கொண்டு பேசினார்.

"இன்னிக்கு இவன் இறக்கிப் பாடினான்கறதும் பொய், அன்னிக்கு நீ இறக்கிப் பாடினேங்கறதும் பொய்; கேட்டவங்க எல்லாருக்கும் ஆகட்டும்னு சொல்வேனே தவிர, எனக்குச் சுருதி மாத்தி வாசிக்கவே வராது."