வெல்டிங் மெஷின் தேர்வுக் குழுவின் குறிப்பேடு

மனித குல வரலாற்றில் நெருப்பு, சக்கரம் இரண்டுக்கும் அடுத்தபடியாக வைத்துப் போற்றத்தக்க நிகழ்ச்சி, எங்கள் அத்தான், அதாவது அக்காவின் கணவர், வீட்டுக்கு ஒரு டிக் வெல்டிங் மெஷின் வாங்க முடிவெடுத்ததுதான். வாங்கியதைச் சொல்லவில்லை, முடிவெடுத்ததைச் சொல்கிறேன். நெருப்பையும் சக்கரத்தையும் கண்டுபிடித்தவர்கள் குழு அமைக்காமல், கூட்டம் போடாமல், ஏதோ அவசரத்தில் செய்து முடித்துவிட்டுப் போய்விட்டார்கள். அத்தான் அப்படிப்பட்டவர் அல்ல.

தேவை என்னவோ சிறியதுதான். வீட்டின் பின்பக்கம் மொட்டை மாடிக்குப் பதினேழு படிகள். ஒரு பக்கம் சுவர், மறு பக்கம் காற்று. அப்பாவுக்கு முட்டியில் ஆபரேஷன் ஆகியிருந்தது. "தாராளமா படி ஏறுங்க, ஆனா பிடிச்சுக்க ஏதாவது இருக்கணும்" என்று டாக்டர் சொல்லியிருந்தார். மாடியில் அப்பாவின் பன்னிரண்டு தக்காளித் தொட்டிகள் இருந்தன. காலையும் மாலையும் அவற்றைப் போய்ப் பார்க்காவிட்டால் அவருக்குச் சாப்பாடு இறங்காது.

அக்கா தெருமுனைப் பட்டறைக்காரரைக் கூட்டிவந்தாள். அவர் சுவரோரம் டேப்பைப் பிடித்து, அளவை உள்ளங்கையில் எழுதிக்கொண்டார்.

"சனிக்கிழமை வந்து மாட்டிடறேம்மா."

அப்போதுதான் அத்தான் வந்தார்.

"எதுல வெல்டிங் பண்ணுவீங்க?"

"மெஷின்லதாங்க."

"டிக்கா?"

"இல்லீங்க, சாதா ராடு வெல்டிங்."

அத்தான் புன்னகைத்தார். அந்த வாரம்தான் அவர் டிக் வெல்டிங் பற்றி ஒரு காணொளி பார்த்திருந்தார். அதில் ஒருவர் ஒரு கையில் டார்ச், மறு கையில் கம்பி, காலடியில் பெடல் என்று உட்கார்ந்து, மீன் செதில் மாதிரி அடுக்கடுக்காக வெல்டிங் செய்தாராம். அதைப் பார்த்துத் தனக்குக் கண் கலங்கிவிட்டதாக அத்தானே சொன்னார். "நாங்க சொல்லி அனுப்பறோம்" என்று பட்டறைக்காரரை வழியனுப்பிவிட்டு, எங்களைப் பார்த்துத் திரும்பினார்.

"கைப்பிடிய நாமளே செய்யறோம். ஆனா முதல்ல சரியான மெஷின தேர்ந்தெடுக்கணும்."

இவ்வாறாக 'மெஷின் தேர்வுக் குழு' பிறந்தது. தலைவர் அத்தான். தொழில்நுட்ப ஆலோசகர், அவருடைய அலுவலக நண்பர் 'வோல்ட்டேஜ்'. அவர் பார்ப்பது விடுப்பு விண்ணப்பப் பிரிவு. ஆனால் ஒருமுறை வீட்டு ஃபியூஸைத் தானே மாற்றி, இன்னும் உயிரோடு இருக்கிறார். செயலாளர், அப்பா 'தம்பி' என்று கூப்பிடும் அடியேன். கூட்டத்தில் நடப்பதையெல்லாம் நோட்டில் எழுதிவைப்பது என் வேலை; தகுதி, கையெழுத்து. முத்து முத்தாக இருக்கும்; பள்ளியில் அதற்காகவே பரிசு வாங்கியிருக்கிறேன். எனக்கு வேறு பரிசு எதுவும் கிடைத்ததில்லை.

ஞாயிறுதோறும் மாலை ஐந்து மணிக்குக் கூடத்தில், பின்பக்க ஜன்னலோரம் கூட்டம். அக்காவுக்கு அன்று மருந்துக் கடையில் மாலை வேலை என்பதால் குறுக்கீடு கிடையாது.

முதல் கூட்டத்திலேயே பெரிய கேள்வி எழுந்தது. வெறும் டிசி மெஷினா, ஏசியும் சேர்ந்ததா?

"அலுமினியத்துக்குத்தான் ஏசி வேணும்" என்றார் வோல்ட்டேஜ்.

"நம்ம கைப்பிடி ஸ்டீல்தானே?" என்று நான் கேட்டேன்.

"இன்னைக்கு ஸ்டீல். நாளைக்கு?" என்றார் அத்தான்.

'நாளை' என்ற சொல்லின் கனம் எங்களை அழுத்தியது. முடிவு அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்பட்டது.

மூன்றாம் கூட்டம் 'டியூட்டி சைக்கிள்' பற்றியது. பத்து நிமிடத்தில் மெஷின் ஆறு நிமிடம் உழைக்கும். நாலு நிமிடம் ஓய்வெடுக்கும்.

"அதுக்கு மேல உழைச்சா?" என்று நான் கேட்டேன்.

"சூடாயிடும். தானா நின்னுடும்" என்றார் அத்தான்.

"நம்ம ஆபீஸ் மாதிரியே இருக்கே" என்றார் வோல்ட்டேஜ். "ஆனா ஆறு நிமிஷம் ரொம்ப அதிகம்."

அந்த நேரம் பார்த்து அப்பா பூவாளியோடு ஜன்னலுக்கு வெளியே வந்து நின்றார்.

"யாராவது ஒரு கை குடுங்கப்பா, மேல போகணும்."

"ரெண்டே நிமிஷம் மாமா. உங்களுக்காகத்தான் பேசிட்டிருக்கோம்" என்றார் அத்தான்.

"சரி மாப்ளே, நீங்க பேசுங்க" என்றார் அப்பா. பிறகு அவர் சொந்தமாக ஒரு தொழில்நுட்பம் கண்டுபிடித்தார். முதல் படியில் உட்காருவது. பின்பக்கமாக அடுத்த படிக்கு நகருவது. பூவாளியைத் தூக்கிப் பக்கத்தில் வைப்பது. பதினேழு படிக்கும் இதே முறைதான். மின்சாரமே தேவையில்லாத இந்த எளிய ஏற்பாட்டைக் குழு மனமாரப் பாராட்டியது.

ஐந்தாம் கூட்டம் பெடல் பயிற்சி. அக்காவின் தையல் மெஷின் பெடலில் அத்தான் கால் வைத்தார். தலையில் முகக்கவசம், ஒரு கையில் பென்சில், மறு கையில் ஊதுவத்திக் குச்சி. மெஷின் மட்டும் அதுவரை வாங்கப்படவில்லை. பத்து நாள் பயிற்சியில் அத்தானின் பாதம் பக்குவப்பட்டது. ஊசியடியில் மாட்டிக்கிடந்த தலையணை உறைதான் நான்கு பக்கமும் தைக்கப்பட்டுவிட்டது.

"இதுக்குள்ள தலையணைய எப்படிங்க போடறது?" என்று அக்கா கேட்டாள்.

"தலையணைய விடு. தையலப் பாரு. எவ்ளோ சீரா இருக்கு!"

எட்டாம் கூட்டத்தில், டார்ச்சில் மாட்டும் டங்ஸ்டன் ஊசியின் முனை நிறம். சிவப்பா, சாம்பலா, தங்க நிறமா? வோல்ட்டேஜ் தங்க நிறத்துக்கு ஓட்டுப் போட்டார். காரணம் கேட்டதற்கு, "திரைச்சீலைக்கு எடுப்பா இருக்கும்" என்றார்.

பதினோராம் கூட்டம் மிகவும் சூடானது. இருநூறு ஆம்பியரா, இருநூற்றைம்பதா? விவாதம் உச்சத்தில் இருந்தபோது வெளியே ஏதோ ஓசை கேட்டது. நாங்கள் கவனம் சிதறாமல் பார்த்துக்கொண்டோம். இருநூற்றைம்பது என்று ஒருமனதாக முடிவாயிற்று. மறுநாள் அப்பாவின் முழங்கையில் கட்டு இருந்தது. அக்கா கேட்டதற்குத் "தொட்டி இடிச்சுடுச்சும்மா" என்று சொல்லிவிட்டார்.

ஒருவழியாக மெஷின் வந்து சேர்ந்தது. நீல நிறம், பதினான்கு பொத்தான்கள். அத்தான் துண்டால் துடைத்தார். துடைக்காத நேரங்களில் போர்வை போர்த்தினார்.

"எப்பங்க ஆரம்பிக்கப் போறீங்க?" என்றாள் அக்கா.

"தரையில வெச்சு ஓட்டக் கூடாது. உள்ள தூசி போயிடும். பக்கத்துல ஆர்கான் கேஸ் சிலிண்டர் வேற நிக்கணும். அதுக்கு ஒரு தள்ளுவண்டி வேணும்."

"தள்ளுவண்டிய இந்த மெஷின்லயே வெல்டிங் பண்ணிக்கலாமே?"

"மெஷின எதுமேல வெச்சுப் பண்றது?" என்று அத்தான் கேட்டார். குழு தலையசைத்தது. இதற்கு உலகில் யாரிடமும் பதில் கிடையாது.

ஆகவே பட்டறைக்காரர் மறுபடி அழைக்கப்பட்டார். அத்தான் தள்ளுவண்டியின் வரைபடத்தை நீட்டினார்.

"ரெண்டு பக்கமும் கைப்பிடி போட்டிருக்கீங்களே, எதுக்குங்க?"

"விலை உசந்த மெஷின். தடுமாறிச் சாஞ்சுடக் கூடாதில்ல?"

பட்டறைக்காரரின் பார்வை பின்பக்கம் போயிருந்தது. அங்கே அப்பா ஆறாவது படியில் உட்கார்ந்து, ஏழாவது படிக்கு நகர்ந்துகொண்டிருந்தார்.

"அந்தக் கைப்பிடி இன்னும் மாட்டலையா?"

"மெஷின் இப்பதான் வந்திருக்கு."

"அட, அன்னைக்கே அளவெடுத்தேனுங்களே! அந்த வாரமே பெயின்ட் அடிச்சு ரெடி பண்ணிட்டேன். நீங்க சொல்லி அனுப்பறேன்னீங்க. எட்டு மாசமா என் சட்டைய அதுலதான் மாட்டிட்டிருக்கேன்."

போனார்; சட்டையை எடுத்துவிட்டுக் கைப்பிடிக் குழாயைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். சுவரில் துளை போட்டார், போல்ட்டை முடுக்கினார், இழுத்துப் பார்த்தார். எல்லாம் சேர்த்து நாற்பது நிமிடம், நடுவில் ஒரு தேநீர். வெல்டிங்குக்கு அங்கே வேலையே இல்லை. அப்பா கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து நடந்தே மேலே போனார். பாதியில் நின்று, குழாயை ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டார்.

வரலாறு இத்துடன் நிற்கவில்லை. 'கைப்பிடித் திட்டம் வெற்றிகரமாக நிறைவேறியது' என்று தீர்மானம் போட அடுத்த ஞாயிறே அத்தான் கூட்டத்தைக் கூட்டினார். வேலைக்கு லீவு போட்டுவிட்டு அக்காவும் வந்து உட்கார்ந்தாள். அப்பா தக்காளிக் கூடையோடு அப்போதுதான் கீழே இறங்கி வந்திருந்தார்.

"அந்த நோட்ட குடுடா" என்றாள் என்னிடம்.

கொடுத்தேன். புரட்டிக்கொண்டே போனவள் ஓரிடத்தில் நின்றாள். நிதானமாக, உரக்க வாசித்தாள்.

"'கூட்டம் பதினொன்று. மாலை ஐந்து இருபது. வெளியே படியில் பூவாளி உருளும் சத்தம். தொடர்ந்து, "டேய் தம்பி" என்று ஒரு குரல். விவாதம் இரண்டு நிமிடம் தடைப்பட்டது. ஜன்னல் சாத்தப்பட்டது.'"

வோல்ட்டேஜ் தன் செருப்பைத் தேடினார். அத்தான் மெஷினின் போர்வையைச் சரிசெய்தார். "விடும்மா, அது தொட்டிதான்" என்றார் அப்பா.

அக்கா நோட்டை என் பக்கம் திருப்பி, அந்த வரியின் மேல் விரலை வைத்தாள்.

என் கையெழுத்தைப் பற்றி முன்பே சொன்னேன். முத்து முத்தாக இருந்தது. வேறு யாரோ எழுதியது என்று சொல்லவே முடியவில்லை.