கோடு நெளிந்தால் பேய்

நயா பைசா புழக்கத்துக்கு வந்த வருஷம் கன்னிவாடியில் பேய்களும் பெருகின. பெருக்கியவர், பேயோட்டும் கோடாங்கி பொம்மையன். அவருடைய உடுக்கைச் சத்தம் கேட்டால் போதும், கடலைக்காட்டில் களையை அப்படியே விட்டுவிட்டு ஊரே பொட்டலுக்கு ஓடும்.

அவரிடம் ஒரு துணி இருந்தது. கறுப்பும் வெள்ளையுமாக நெருக்கி நெருக்கிக் கோடு போட்ட துணி. அதை உற்றுப் பார்க்க வேண்டும். கோடு நெளிந்தால் பேய். நெளிந்தது எல்லாருக்கும்தான், வாயைத் திறந்து யார் சொல்வது? வீட்டார் இழுத்துவந்து நிறுத்தியவர்கள் மட்டும் மாட்டிக்கொண்டார்கள். கோடாங்கி ஒரு சேவலை வாங்கிக்கொண்டு எல்லாரையும் கண்ணை மூடிக் கும்பிடச் சொல்வார். துணியை உதறிக் கட்டுவார். கண்ணைத் திறந்தால் கோடு பட்டை பட்டையாக, ஆடாமல் நிற்கும்.

"பேய் குறுக்கி வச்சிருந்த கோடு விரிஞ்சிருச்சு, பாத்தீகளா?" என்பார். பக்தர்கள் அதற்கும் ஒரு கும்பிடு போடுவார்கள்.

பெருமாயி தன் மருமகள் ஜக்கம்மாளைக் கூட்டிவந்தாள். அம்மியில் அரைக்கும்போது தனியாகச் சிரிக்கிறாளாம். பேய் போகாவிட்டால் சேவுகம்பட்டிக்கு, பிறந்த வீட்டுக்கே அனுப்பிவிடுவது என்று முடிவு. மகனும் தலையாட்டிவிட்டான். போன வாரம் வேடிக்கை பார்க்க வந்தபோது தன் கண்ணிலும் கோடு நெளிந்ததைப் பெருமாயி யாரிடமும் சொல்லவில்லை.

"கோடு நெளியுதா?" என்று ஜக்கம்மாளிடம் கேட்டார் கோடாங்கி.

"நெளியுது. உங்களுக்குண்ணே?"

"எனக்கு எப்படித்தா நெளியும்?"

"அப்ப ஏன் துணிக்கு முதுகக் காட்டிக்கிட்டே நிக்கிறீக? செத்த திரும்பி, தொடாம, கோட்டை எண்ணிச் சொல்லுங்க. நிக்கிற கோடுதான."

கூட்டம் அவரைப் பார்த்தது. எண்ணத் தொடங்கினார். பாதியில் கோடு தவறியது. மறுபடி முதலிலிருந்து. கண்ணைக் கசக்கினார். உடம்பு லேசாகத் தள்ளாடியது.

"அண்ணனுக்கும் பிடிச்சிருக்கு போல," என்றாள் ஜக்கம்மாள்.

பெருமாயிக்கு அதற்குமேல் தாங்கவில்லை. "எனக்கும் நெளியுதுத்தா. போன வாரமே நெளிஞ்சுச்சு. அதச் சொல்லாம உன்னைய இழுத்துட்டு வந்தேன்."

"எனக்கும்தான்," என்றது பின்னாலிருந்து ஒரு குரல். பிறகு பொட்டல் முழுக்க அதே பேச்சு.

ஜக்கம்மாள் துணியைத் திருப்பிப் போட்டாள். மறுபக்கம் அகலப் பட்டைகள். ஒருவருக்கும் நெளியவில்லை.

"நெருக்கமான கோட்டை உத்துப் பாத்தா யாரு மூளையும் தடுமாறத்தான் செய்யும். இதுல பேய் எங்கிட்டு இருந்து வந்துச்சு?"

பதில் சொல்லக் கோடாங்கி அங்கே இல்லை. திண்டுக்கல் பஸ் புறப்படும் சத்தம் மட்டும் கேட்டது. பெருமாயி மருமகளின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

கண் தடுமாறுவது இயற்கை, மக்களே. அந்தத் தடுமாற்றத்துக்குக் காணிக்கை கேட்கிறானே, அவனைத்தான் உற்றுப் பார்க்க வேண்டும்.