பையைத் திருப்பிக் கொடுத்த போஸ்ட்மேன்

தபால் இலாகாவில் ஒரு நாள்கூட வேலை பார்க்காமல், காக்கிச் சட்டை போடாமல், ஆனால் விலாசம் பிசகாமல் பட்டுவாடா செய்த மனிதர் இந்தப் பூமியிலேயே ஒருவர்தான். அவர் தங்கச்சிமடத்தில் இருந்தார். ஊரே அவரைப் போஸ்ட்மேன் என்றுதான் கூப்பிட்டது. பங்குச் சாமியார்கூட அப்படித்தான் கூப்பிடுவார் என்று கேள்வி. ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் அவருக்கே மறந்திருக்கும்.

தொழில், நாட்டுப்படகில் மீன் பிடிப்பது. வலையை இழுத்தால் மீன் வருகிறதோ இல்லையோ, பிளாஸ்டிக் பை வந்துவிடும். மற்றவர்கள் அதைப் பிய்த்துத் திரும்பவும் கடலிலேயே எறிந்துவிட்டு வேலையைப் பார்ப்பார்கள். இவர் மட்டும் பையை விரித்து, அலசி, அதில் என்ன அச்சடித்திருக்கிறது என்று எழுத்துக்கூட்டிப் படிப்பார். ஜவுளிக்கடை, மிட்டாய்க்கடை, செருப்புக்கடை எல்லாம் பெயர், தெரு, போன் நம்பர் முதற்கொண்டு போட்டிருந்த காலம் அது. பிறகென்ன? பைகளை ஓலைப்பெட்டியில் அடுக்கிக்கொண்டு பஸ் ஏறிவிடுவார், உரியவரிடம் ஒப்படைக்க.

நான் அவரை முதன்முதலில் பார்த்தது ராமநாதபுரத்து ஜவுளிக்கடை ஒன்றில். தமிழ் வாத்தியார் வேலையிலிருந்து ஓய்வுபெற்று, பட்டிமன்றங்களில் நடுவராக உட்கார்ந்து ஊருக்கெல்லாம் தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருந்தேன். அன்றைக்கு வேட்டி எடுக்கப் போயிருந்தேன். கைலியை மடித்துக் கட்டிய ஒருவர் விறுவிறுவென்று உள்ளே வந்து, பட்டுச்சேலை விரித்திருந்த வெள்ளை மெத்தை மேல் பாசி படிந்த பை ஒன்றை வைத்தார்.

“உங்களுதுதான? பாம்பனுக்குத் தெக்க கெடந்துச்சு.”

முதலாளி மூக்கைப் பொத்திக்கொண்டார். “அண்ணே, அது நாங்க வித்த சாமானோட போனதுண்ணே. எங்களுக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல.”

“சாமானத்தான வித்தீக? பைய சும்மாதான குடுத்தீக. சும்மா குடுத்தது திரும்பி வந்துருக்கு, வாங்கிக்கங்க.”

ஆளை அனுப்பினால் போதும் என்று முதலாளி ஒரு துண்டை இனாமாகக் கொடுக்கச் சொன்னார். கடைப்பையன் பழக்கதோஷத்தில் அதைப் புதுப்பையில் போட்டு நீட்டினான். போஸ்ட்மேன் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, புதுப்பையைப் பழைய பையின் மேலேயே வைத்தார். “கடலுக்குப் போயிட்டு வார அலைச்சல் மிச்சம்” என்றார்.

அன்றிலிருந்து எனக்கும் அவருக்கும் பழக்கம். உள்ளூர்ப் பைகளுக்கு நேரடிப் பட்டுவாடா. ராமேஸ்வரத்துக்கு வரும் யாத்ரீகர்கள் விட்டுப்போன வெளியூர்ப் பைகளுக்குப் போன். ஒருமுறை கோயம்புத்தூர் மிட்டாய்க்கடைக்கு என் முன்னாலேயே பேசினார்.

“உங்க பை ஒண்ணு இங்கன இருக்கு. எப்ப வந்து எடுத்துக்கிறீக?”

“பைக்குள்ள என்னங்க இருக்குது?”

“ஒரு நண்டு.”

“நண்ட நீங்களே வச்சுக்கோங்க” என்று போனை வைத்துவிட்டார்கள். போஸ்ட்மேனுக்கு உண்மையிலேயே வருத்தம். நண்டுக்காக இல்லை, பையைக் கேட்கவில்லையே என்று.

அன்றைக்கு டீக்கடையில் கேட்டேன். “என்னத்துக்குண்ணே இந்தப் பாடு?”

கிளாஸை உருட்டிக்கொண்டே சொன்னார். “கடைசியா எப்பப் பை இல்லாம வல வந்துச்சுன்னு எனக்கு ஞாபகமே இல்ல சார். கடல விட்டு நிக்கிறதுக்குள்ள ஒரே ஒருக்கா மீனு மட்டும் வரணும். ரெண்டே ரெண்டு காரல் வந்தாலும் போதும். பை மட்டும் வரக்கூடாது.”

ஒரு மனிதனின் வாழ்நாள் ஆசை இவ்வளவுதான். இதுகூட நிறைவேறாத ஊரில்தான் நாமெல்லாம் குடியிருக்கிறோம்.

இதற்கிடையில் பைக்குத் தடை வரப்போகிறது என்று பேச்சு கிளம்பியது. கடைக்காரர்கள் கொதித்தார்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஊர்வலம் போனார்கள். பேச்சு என்று வந்துவிட்டால் பட்டிமன்றம் இல்லாமல் முடியுமா? ‘பிளாஸ்டிக் பையை ஒழிக்கப்போவது சட்டமா, மனசாட்சியா?’ நடுவர், அடியேன். அந்த வாரம் என் வீட்டம்மா இரண்டு தரம் சொன்னாள்: “உங்க போஸ்ட்மேன் வந்தாரு. என்னமோ குடுக்கணுமாம். எங்கிட்டத் தர மாட்டேங்குறாரு.” நான் காதில் வாங்கவில்லை. தீர்ப்புக்கு அடுக்குமொழி தேடிக்கொண்டிருந்தேன்.

பட்டிமன்றத்தில் இரண்டு அணியும் தொண்டை கிழியப் பேசின. நான் தீர்ப்புச் சொல்ல எழுந்தேன். முன்வரிசையிலிருந்து ஓலைப்பெட்டியோடு போஸ்ட்மேனும் எழுந்தார். மேடை ஏறி வந்தவர் ஒரு பையை என் இரண்டு கைகளிலும் வைத்தார்.

என் மகள் கல்யாணத்தில் தாம்பூலம் போட்டுக் கொடுத்த பை. மணமக்கள் பெயர் பொன்னெழுத்தில் அப்படியே இருந்தது. கீழே ‘தங்கள் நல்வரவை விரும்பும்’ என்று என் பெயர், தமிழாசிரியர் என்ற பட்டத்தோடு. பளபளவென்று இருக்கட்டும் என்று அச்சகத்தில் நின்று தேர்ந்தெடுத்தவனே நான்தான். அரங்கம் விழுந்து விழுந்து சிரித்தது.

மனசாட்சிதான் என்று தீர்ப்பு எழுதி வைத்திருந்தேன். அந்தப் பையைக் கையில் பிடித்துக்கொண்டு மனசாட்சி என்று சொல்ல வாய் வரவில்லை. சட்டம் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். கூட்டம் கலைந்ததும் எல்லோருக்கும் எலுமிச்சைச் சாதம் கொடுத்தார்கள், பாலிதீன் பையில்.

வாசலில் அவரைப் பிடித்துக்கொண்டேன். “ஏண்ணே, சபையில வச்சா இதக் குடுப்பீங்க?”

“வீட்டுக்கு ரெண்டு தடவ வந்தேன் சார், நீங்க இல்ல. ரிஜிஸ்டர் தபால ஆள்கிட்டதான குடுக்கணும்?”

என் தீர்ப்பின்படியே சட்டம் வந்தது. ஒரு மாதம் அதிகாரிகள் கடை கடையாக ஏறி மூட்டை மூட்டையாகப் பிடித்தார்கள். மஞ்சப்பையோடு போட்டோ எடுத்துக்கொள்ளாத ஆளே இல்லை. பிறகு எல்லோரும் அவரவர் வேலையைப் பார்க்கப் போனோம். கடைக்காரர்களும் ஒன்றை நிறுத்தத்தான் செய்தார்கள். பையை அல்ல, பையில் பெயர் அச்சடிப்பதை. பெயர் இருந்தால்தானே அபராதம்?

போஸ்ட்மேனின் பிழைப்பில் மண் விழுந்தது. வலையில் பை குறையவில்லை, விலாசம்தான் இல்லை. வெற்றுப் பைகளை ஓலைப்பெட்டியில் வைத்துக்கொண்டு கடை கடையாகக் கேட்டார்.

“தம்பி, இது உங்களுதா?”

“எங்க கடையில பையே கெடையாதுண்ணே. தட போட்டாச்சுல்ல?”

“அப்ப கையில தக்காளி போட்டு வச்சிருக்கது?”

“இது கவருண்ணே.”

அன்று அவர் என் வீட்டுக்கு வந்து சுமையை இறக்கி வைத்தார். ஓலைப்பெட்டி நிறையப் பை, ஒன்றுக்கும் சொந்தக்காரர் இல்லை. “பேரு இருந்தப்பவாவது ஒரு வெக்கம் இருந்துச்சு சார். இப்ப அதயும் எடுத்துட்டாக” என்றார். நான் சொன்ன தீர்ப்பால் வந்த வினை இது. என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

பிறகு நடந்ததுதான் கொடுமை. பெயரில்லாத பை ஒன்று அவருடைய படகுக்கு அடியில் தண்ணீரைத் தள்ளும் காத்தாடியில் சுற்றி, இன்ஜின் நடுக்கடலில் நின்றது. ஒரு பகல் முழுக்க நீரோட்டம் இழுத்த பக்கமெல்லாம் போய், இலங்கை எல்லை தாண்டாமல் தப்பியதே மாதா புண்ணியம். வேறொரு படகு கட்டி இழுத்து வந்தது. கமுதியில் கட்டிக்கொடுத்த மகள் ஓடிவந்து அழுதாள். அப்பாவுக்குக் கண்ணில் புரை, முழங்காலில் வலி. படகை விற்றுவிட்டுத் தன்னோடு வரச்சொல்லிவிட்டாள். அவரும் சரி என்றார்.

மறுநாள் எனக்குப் போன். “சார், சனிக்கிழம கடைசித் தொழிலு. வாரீகளா? பை இல்லாம வல வந்தா, பாத்தேன்னு சொல்ல நடுவர் ஒருத்தர் வேணும்ல?”

போனேன். நல்ல வெயில் ஏறியபிறகு வலையை இழுக்க ஆரம்பித்தார். அதுவரை நான் இரண்டு முறை வாந்தி எடுத்து முடித்திருந்தேன். அவர் முன்னால் நின்று இழுக்க, பின்னால் உட்கார்ந்து வலையை வாங்கிக் குவிப்பது என் வேலை. கொஞ்சம் காரல், நாலு சூடை, ஒரு நண்டு. பாதி வலை ஏறிவிட்டது, பை இல்லை. முக்கால் வலை, இல்லை. போஸ்ட்மேனின் உதடு ஜெபம் சொல்லிக்கொண்டே இருந்தது.

கடைசிக் கண்ணிகளை நான் வாங்கியபோது என் கையில் வழவழவென்று ஒன்று தட்டுப்பட்டது. மெல்லிசான வெள்ளைப் பை. பெயர் கிடையாது. அவர் கடலைப் பார்த்தபடி நின்றார். நான் யோசிக்கவே இல்லை. பையைப் பிடுங்கிச் சட்டைக்குள் திணித்துப் பட்டனைப் போட்டுக்கொண்டேன்.

பைக்குள் ஒரு சொறிமீன் இருந்தது அப்புறம்தான் தெரிந்தது. தொட்டால் தோல் எரியும் அந்த வழவழப்புச் சனியன் என் நெஞ்சில் ஒட்டிக்கொண்டது. பட்டிமன்ற மேடையில் பொன்னாடை வாங்கும்போது எப்படி உட்கார்ந்திருப்பேனோ அப்படி ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தேன்.

போஸ்ட்மேன் திரும்பி வலையை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை கையால் தடவிப் பார்த்தார். பிறகு நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார். “சார், பை இல்ல.”

“இல்லண்ணே. நான் பாத்தேன்” என்றேன். நடுவராக நான் சொன்ன தீர்ப்புகளிலேயே முழுப்பொய் அது ஒன்றுதான்.

கரை வரும்வரை அவர் பாட்டுப் பாடிக்கொண்டே வந்தார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு வந்தேன். இறங்கும்போது தன் சாப்பாட்டுத் தூக்குக்குள்ளிருந்து சின்ன எண்ணெய்ப் பாட்டிலை எடுத்து என் கையில் வைத்தார்.

“வீட்டுல போயி நெஞ்சுல தடவுங்க சார். சொறி பட்டா மூணு நாளைக்கு அரிக்கும்.”

அவ்வளவுதான். வேறு ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான்காம் நாள் கமுதிக்குப் பஸ் ஏறிவிட்டார். அங்கே கருவேல மரமெல்லாம் பையாகத் தொங்குகிறதாம், ஒன்றிலும் பெயர் இல்லையாம். போனில் சொன்னார்.

அரிப்பு அவர் சொன்ன கணக்குப்படி மூன்றே நாளில் நின்றுவிட்டது. இன்னும் கொஞ்ச நாள் இருந்திருக்கலாம்.