கூரை லைட்டும் ரப்பர் பாலும்

பயந்தவன் எதையும் கவனமாகச் செய்வான் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நான் செய்த பெரிய கூத்துகள் எல்லாமே பயத்தில் செய்தவைதான்.

ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். கொடகவெலவில் அரிசிக்கடை வைத்திருந்த ஒரு சிங்கள முதலாளியின் டபுள் கேப் பிக்கப்புக்கு டிரைவராகச் சேர்ந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. அதற்கு முன் எட்டு மாதம் சும்மா இருந்தேன். என் மனைவி சரோஜா ஏழு மாதக் கர்ப்பம். இந்த வேலையும் போனால் தோட்டத்து வரிசை வீடான லயத்தில் மாமனாரின் ஒற்றைக் காம்பராதான் கதி (அவருடைய இருமலையும் சேர்த்து).

ஒருநாள் முதலாளி ஐந்து மஞ்சள் லைட்டுகளைக் கையில் தந்தார்.

"சந்திரன், இத பாஸ்கிட்ட குடுத்து கூரையில வரிசையா பூட்டிக்கிட்டு வா. போயா அன்னைக்கு விடிய முன்ன குடும்பத்தோட பன்சலைக்குப் போகணும். பனியில பஸ்காரனுக்கு நம்ம வாகனம் தெரியணும்ல."

போயா என்றால் பௌர்ணமி, பன்சலை என்றால் புத்த கோயில், பாஸ் என்றால் எங்கள் பக்கம் வயரிங் மெக்கானிக். போய்ப் பார்த்தால் கடை பூட்டு. இன்னொரு ஆளாக இருந்தால் திரும்பிப் போய் "பாஸ் இல்லீங்க" என்று சொல்லியிருப்பான். நானோ, 'சொன்ன வேலையைச் செய்யத் தெரியாதவன்னு நிறுத்திட்டா?' என்று நடுங்கி, பக்கத்து இரும்புக்கடையில் டிரில் இரவல் வாங்கிவிட்டேன்.

லைட்டுக்கு மூன்று வீதம் பதினைந்து துளை. போட்டு முடித்த பிறகுதான், மழை என்று ஒன்று பெய்யுமே என்ற ஞானம் வந்தது (மழைக்குப் பேர்போன இரத்தினபுரி மாவட்டத்தில் இருந்துகொண்டு!).

வாஷர் போட வேண்டும், பசை வைத்து அடைக்க வேண்டும் என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. ரப்பர் தோட்டத்தில் பிறந்தவனுக்குத் தெரிந்த பசை ஒன்றுதான். கிழிந்த புத்தகம், ஓட்டைப் பந்து, ஒழுகுகிற தகரம் எல்லாவற்றுக்கும் நாங்கள் ரப்பர் பால்தான் பூசுவோம். பால் வெட்டுகிற மாமனாரிடம் ஒரு போத்தல் வாங்கி, பதினைந்து துளையிலும் தாராளமாக ஊற்றினேன். தடிப்பாக ஊற்றினால் ஆசிட் கலந்தால்தான் உள்ளே உறையும். தோட்டத்துக் கைக்குழந்தைக்கும் அது தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் ஆசிட் பெயிண்டைத் தின்றுவிட்டால்? அந்தப் பயத்தில் சேர்க்காமல் விட்டேன். மறுநாள் தொட்டுப் பார்த்தேன். மேலே நல்ல தோல் கட்டியிருந்தது. உள்ளே பால் பாலாகவே இருந்தது எனக்கு எப்படித் தெரியும்?

போயா விடியற்காலை. முதலாளி முன்னால், என் பக்கத்தில். பின்னால் அவர் மனைவி நோனாவும், பன்னிரண்டு வயது மகள் நிலூகாவும். மூவரும் பால்வெள்ளை உடுப்பு. நிலூகாவின் பின்னல் இடுப்புக்குக் கீழே தொங்கும். ஐந்து லைட்டும் ஜொலித்தன. எதிரே வந்த பஸ்கள் எங்களைப் பெரிய லொறி என்று நினைத்து ஒதுங்கி வழிவிட்டன. முதலாளிக்கு ஒரே சந்தோஷம்.

"ஷோக் வேலை. பாஸ் கெட்டிக்காரன்."

"ஆமாங்க" என்றேன் (கடவுளே!).

மழை பிடித்தது. வளைவில் ஒரு குழியில் வண்டி தூக்கிப் போட்டது.

"அம்மா, மேலேயிருந்து பால் வடியுது" என்றாள் நிலூகா.

நோனா நிமிர்ந்து பார்த்தார். சொட்டுச் சொட்டாக வெள்ளை. உடனே கைகூப்பி விட்டார். "சாது! சாது! போயா நாள்ல பால் சொரியுது. இது பெரிய சுபம்!"

நான் ரோட்டையே பார்த்து ஓட்டினேன். முதலாளி மட்டும் ஒரு சொட்டை விரலில் எடுத்து மோந்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"சந்திரன், இந்தப் பாலு எந்த மரத்துல வெட்டினது?"

அதற்குள் பின்னால் அலறல். நிலூகாவின் பின்னல் சீட்டோடு ஒட்டிக்கொண்டது. இழுத்தால் சீட்டு உறையும் சேர்ந்து வந்தது. பன்சலைக்குப் போகாமல் வீட்டுக்குத் திரும்பினோம். தேங்காய் எண்ணெய், மண்ணெண்ணெய் எதற்கும் அசையவில்லை. கடைசியில் நோனா கத்தரிக்கோலை எடுத்தார். பின்னல் சீட்டிலேயே தங்கிவிட்டது. தோள்வரை முடியோடு எழுந்து வந்த பிள்ளை அழவில்லை. அழுதது நான்.

"அழாதீங்க மாமா, வளரும்தானே" என்றாள் அவள்.

சாவியை மேசையில் வைத்தேன். "பாஸ் இல்லீங்க மாத்தயா. நான்தான் செஞ்சேன். நான் போறேங்க."

முதலாளி உடுப்பைக் குனிந்து பார்த்தார். பால் காய்ந்து மண்நிறமாகிக்கொண்டிருந்தது. அது இந்த ஜென்மத்தில் போகாது.

"போனா நாளைக்கு வேற ஒருத்தனைத் தேடணும். அவன் என்ன செய்வான்னு எனக்குத் தெரியாது. நீ என்ன செய்வேன்னு தெரிஞ்சு போச்சு. சாவிய எடு. இனிமே பாஸ் இல்லேன்னா, இல்லேன்னு வந்து சொல்லு. நான் என்ன உன்னைத் தின்னுடுவேனா?"

அந்த வார்த்தையில்தான் எங்கள் வீட்டில் அடுப்பு எரிந்தது. பதினோரு வருஷம் அந்த வண்டியை ஓட்டினேன். என்னைத் திட்டியிருந்தால் எப்போதோ மறந்திருப்பேன்.

நிலூகாவின் கல்யாணத்துக்கு அலங்காரக் கார் வந்தது. "சந்திரன் மாமாதான் ஓட்டணும்" என்று பிடிவாதம் பிடித்தாள். நானும் புதுச் சட்டையோடு கதவைத் திறந்து நின்றேன். மணப்பெண் ஏறுவதற்கு முன், கைப்பையிலிருந்து ஒரு சிலிசிலிப் பையை எடுத்து (கடையில் சாமான் போட்டுத் தருகிற பிளாஸ்டிக் பைதான்), நகையும் பூவுமாக இருந்த தலையில் கவிழ்த்துக்கொண்டு, முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல் உட்கார்ந்தாள். நோனா சிரித்த சிரிப்பில் படக்காரர் பட்டனைத் தட்டிவிட்டார்.

அந்தப் படம் எங்கள் வீட்டில் மாட்டியிருக்கிறது. வருகிறவர்கள் எல்லாரும், "ஏங்க பொண்ணு தலையில பை?" என்று கேட்பார்கள்.

"எங்க வீட்டுக்காரரு கோயில் பக்கமே போகமாட்டாருங்க" என்று சரோஜா ஆரம்பிப்பாள். "ஆனா ஒரே ஒரு தடவ, குடும்பத்தோட உட்கார வச்சு பாலாபிஷேகம் பண்ணினாரு பாருங்க..."

நான் தேத்தண்ணி போட எழுந்து போய்விடுவேன்.