சிராஜுதீனின் இறந்தகாலம்

"என் கவுன் ரெடியா?" என்று ஸ்பானிஷில் கேட்டுக்கொண்டே நூரியா கடைக்குள் வந்தபோது, கவுனுக்கான நீலத் துணி அலமாரியில், கொடுத்த மடிப்பு கலையாமல் இருந்தது. அன்று சாயங்காலம் அவளுடைய தோழிக்குக் கல்யாண ரிசப்ஷன்.

"கொர்த்தே," என்றார் டெய்லர் சிராஜுதீன் கம்பீரமாக. வெட்டிவிட்டேன் என்று அர்த்தம். "கொஸீ." தைத்துவிட்டேன்.

நூரியா கைதட்டிச் சிரித்தாள்.

முத்தியால்பேட்டைக்கு வரும் வெள்ளைக்காரர்களையெல்லாம் பக்கத்துக் கடை புருஷோத்தமன் பிரெஞ்சு பேசியே வளைத்துப் போட்டுவிடுவார். அந்த வயிற்றெரிச்சலில்தான் சிராஜுதீன் போனைப் பார்த்து ஸ்பானிஷ் கற்றார். அதிலும் இறந்தகாலம் மட்டும். டெய்லருக்கு மற்ற காலங்கள் எதற்கு? "தைக்கிறேன்" என்றால் காட்டு என்பார்கள். "தைப்பேன்" என்றால் எப்போது என்பார்கள். "தைத்துவிட்டேன்" என்றால்தான் நிம்மதியாக வீட்டுக்குப் போவார்கள். இலக்கண விதியும் தொழிலுக்குத் தோதாக இருந்தது. வினைச்சொல்லின் வாலில் 'ஆர்' இருந்தால் கத்தரித்துவிட்டு 'ஏ' ஒட்ட வேண்டும். 'ஏர்' இருந்தால் 'ஈ'. 'நான்' வரும் வரியோடு படிப்பை நிறுத்திக்கொண்டார்.

நூரியாவுக்கு பார்சிலோனாவில் துணிக்கடை. கவுன் பிடித்திருந்தால் மாதாமாதம் ஆர்டர் என்று சொல்லியிருந்தாள். சிராஜுதீன் மாமனாரிடம் போய், "எக்ஸ்போர்ட் ஆரம்பிச்சுட்டேன் மாமா" என்று சொல்லியே விட்டார்.

"காட்டுங்கள்," என்றாள் நூரியா.

"மாந்தே!" அனுப்பிவிட்டேன். "காஜா! உழவர்கரை!" உழவர்கரையில் இருக்கும் காஜாக் கடைக்கு என்று பட்டன் துளையை விரலால் போட்டுக் காட்டினார்.

அவள் ஸ்கூட்டர் சாவியை எடுத்தாள். நானே போய் வாங்கிக்கொள்கிறேன் என்றாள்.

சிராஜுதீன் அவசரமாகக் குறுக்கே வந்தார். காஜாக் கடை மூடியிருக்கிறது என்று சொல்ல வேண்டும். தெரிந்ததோ 'நான்' மட்டும்.

"ஸெர்ரே!" மூடிவிட்டேன்.

"நீங்களா மூடினீர்கள்? ஏன்?"

கரண்ட் இல்லை என்று சமாளிக்கப் பார்த்தார். "லூஸ் கொர்த்தே!" விளக்கை நான்தான் வெட்டினேன்.

"உழவர்கரை முழுவதுக்குமா?"

"ஸீ மேடம்."

உள்ளே ஹெம்மிங் போட்டுக்கொண்டிருந்த மனைவி கனீஸ் பாத்திமா பதறி எட்டிப் பார்த்தாள். "யாரைங்க லூஸுன்றீங்க? அந்தம்மா காதுல உழப்போவுது!"

நூரியா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று அவருக்குப் புரியவில்லை. முடிந்ததும் போன் செய்யச் சொல்லிவிட்டுப் போனாள்.

"கனீஸு, கத்திரிக்கோல எடு!"

"இந்த ஆர்டர் கைய வுட்டுப் போச்சுன்னா எங்க அத்தா மூஞ்சில எப்படி முழிப்பீங்க?"

"அதுக்குத்தாம்மா சொல்றேன். மொதல்ல ஊசில நூலக் கோரு!"

இருவரும் சோறு தண்ணி மறந்து தைத்தார்கள். கை, கழுத்து, கீழ்மடிப்பு எல்லாம் பிசிறில்லாமல் வந்தன. சொன்ன நாளில் துணி கொடுப்பது இந்தக் கடைக்குப் புதிது என்பதால் சிராஜுதீனாலேயே நம்ப முடியவில்லை. வெயில் தாழும்போது போனை எடுத்தார்.

"மேடம்! தெர்மினே!" முடித்துவிட்டேன். அவர் வாயிலிருந்து வந்த இறந்தகாலங்களில் அது ஒன்றுதான் உண்மையிலேயே இறந்தகாலம்.

"தெர்மினே?"

"தெர்மினே, தெர்மினே!"

மறுமுனையில் ஒரு பெருமூச்சு. லைன் கட்டாகிவிட்டது.

கவுனை இஸ்திரி போட்டார். வாசலைப் பார்த்தார். மறுபடி இஸ்திரி போட்டார். தெருவிளக்கு எரிந்த பிறகு நூரியா வாடகைக்கு இருக்கும் வீட்டின் சொந்தக்காரம்மா ஹேமலதா தன் ஜாக்கெட்டை வாங்க வந்தாள்.

"நூரியா மேடம் வரலீங்களாம்மா? கவுன் ரெடி!"

"அவங்க என் பட்டுப்பொடவையக் கட்டிக்கினு ரிசப்ஷனுக்குப் போயிட்டாங்க பாய். 'இன்னும் ஆவலை மேடம்'னு நீங்க ஒரு வார்த்தை சொல்லிருந்தா, தைச்சிட்டுதான் இருக்கீங்கன்னு நம்பி வந்திருப்பாங்க. டெய்லர் 'முடிச்சுட்டேன்'னு சொன்னா, துணியில இன்னும் கத்திரியே வெக்கலைன்னு அர்த்தம்னு நாந்தான் அவங்களுக்குத் தமிழ் சொல்லிக்குடுத்தேன்."