முரட்டுக் கைக்கு ஒரு டார்ச்சு

பெண்டாட்டியின் கையை வைத்துப் பதவி உயர்வு வாங்கிவிடுவது என்று கீறலார் முடிவு செய்தது அலுவலகக் கூட்டத்தில், டம்ளரில் இருந்த தேநீர் ஆறுவதற்குள்.

கீறலார் என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. டார்ச்சு விளக்கு செய்யும் கம்பெனியில், சோதனைப் பிரிவில், கீறல் தேடுவதுதான் அவருக்கு வேலை. கறுப்புப் பூச்சு பூசி வரும் டார்ச்சுகளை மணல் நிரப்பிய உருளையில் போட்டுச் சுற்றவிடுவார். அப்புறம் பூதக்கண்ணாடியை ஒரு கண்ணில் வைத்துக்கொண்டு, "இதோ ஒரு கீறல், அதோ ஒரு கீறல்" என்பார். அடுத்தவன் வேலையில் கீறல் கண்டுபிடிப்பதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. அவர் வேலையில் யாரும் கீறல் கண்டதில்லை. வேலை என்று ஒன்று செய்தால்தானே கீறல் விழும்?

அன்றைக்கு மேனேஜர் மேஜைமேல் ஒரு புது டார்ச்சை நிறுத்தி வைத்தார்.

"புதுப் பூச்சு. மெஷின் சோதனை எல்லாம் தாண்டிடுச்சு. ஆனா, வீட்டுல மனுஷங்க பண்ற அட்டூழியத்தை எந்த மெஷினும் பண்ணாது. ஒரு மாசம் ஒரு வீட்டுல இதை முரட்டுத்தனமாப் புழங்கணும். புழங்குறவங்களுக்கு இது சோதனைன்னு தெரியக் கூடாது. தெரிஞ்சா நடிப்பாங்க. ஒழுங்கா முடிச்சுக் குடுக்கறவருக்குப் பிரிவுத் தலைவர் நாற்காலி. யாரு எடுத்துக்கறீங்க?"

கீறலார் கை, கண் இமைப்பதற்குள் மேலே போய்விட்டது.

"என் வீட்டுக்குக் குடுங்க சார். என் வீட்டுக்காரி கையில இரும்பக் குடுத்தா, இரும்பு அழுதுக்கிட்டே திரும்பி வரும். அவ பாத்திரம் வைக்கிற சத்தத்துல பக்கத்துத் தெரு நாய் பதறி எழுந்திரிக்கும்."

எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்குவதற்குள் டார்ச்சு கீறலார் பைக்குள் போய்விட்டது.

சாயங்காலம் அவர் வீட்டுக்குள் நுழைந்தபோது வீட்டுக்காரி பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். அந்தச் சத்தம் அவர் காதுக்குக் கச்சேரியாக இருந்தது.

"இந்தா, பிடி."

"என்னங்க இது?"

"டார்ச்சு. உனக்குத்தான். ஆசையா வாங்கினேன்."

வீட்டுக்காரி ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். காய்ச்சல் இல்லை. அப்புறம்தான் டார்ச்சை வாங்கினாள்.

"நீ சும்மா புழங்கு. கீழ போடு, உருட்டு, எப்படி வேணாலும் வச்சுக்கோ. நான் ஒண்ணும் கேக்க மாட்டேன்."

"நல்லா இருக்கே! கல்யாணமாகிப் பதினஞ்சு வருஷத்துல மொதமொதல்ல ஒரு பொருள் வாங்கிக் குடுத்திருக்கீங்க. இதைப் போய்க் கீழ போடுவேனா?"

பேசிக்கொண்டே அவருடைய கம்பளிக் காலுறை ஒன்றை எடுத்து அதற்குள் டார்ச்சை நுழைத்தாள். காலுறை பீரோவுக்குள் போனது. பீரோ பூட்டிக்கொண்டது. கீறலாருக்குப் பகீர் என்றது.

அடுத்த சில நாள் அவர் பட்ட பாடு சொல்லி மாளாது. தட்டை எறிவாள், கதவை அறைவாள், ஜன்னலை இழுத்துச் சாத்துவாள். டார்ச்சை மட்டும் பச்சைக் குழந்தையைப் போல எடுத்துத் துடைத்து, திரும்பவும் படுக்கவைப்பாள். ஒருநாள் அவரே அவள் சீப்பைக் காலால் தள்ளிக் கட்டிலுக்கடியில் கடைசி மூலைக்கு அனுப்பிவைத்தார்.

"சீப்பைக் காணோமா? கட்டிலுக்கடியில இருக்கும். டார்ச்சை எடுத்துட்டுப் போயேன்."

"தரையில உரசிடுமேங்க."

மெழுகுவத்தியோடு தரையில் படுத்து ஊர்ந்து போய்ச் சீப்பை எடுத்து வந்தாள். தலையெல்லாம் ஒட்டடை. டார்ச்சில் ஒரு தூசி இல்லை. கைரேகைகூட விழாத டார்ச்சில் கீறல் எங்கே விழும்? நாற்காலி கண்ணெதிரே நழுவிக்கொண்டிருந்தது.

அந்த வாரக் கடைசியில் வீட்டுக்காரி கண்ணாடியும் கையுமாகச் சுவர் முன்னால் நின்றாள்.

"இதை மாட்ட ஒரு ஆணி அடிக்கணும். சுத்தியல் பிடி ஒடைஞ்சு கெடக்கு. மாத்தித் தாங்கன்னு சொல்லிச் சொல்லி என் வாயும் ஒடைஞ்சு போச்சு."

கீறலார் மண்டைக்குள் விளக்கு எரிந்தது.

"அந்த டார்ச்சைக் கொண்டா!"

"ஐயோ! என் டார்ச்சையா?"

"கொண்டான்னா கொண்டா!"

டார்ச்சின் பின்பக்கத்தால் ஓங்கி அடித்தார். ஆணிக்குப் பாதி அடி, கட்டைவிரலுக்குப் பாதி அடி. விரல் நீலமாகி வீங்கியது. வீட்டுக்காரி ஓடி வந்து "ஐயோ பாவம்!" என்று ஊதிவிட்டாள், டார்ச்சை. பூச்சில் ஒரு கோடு இல்லை.

"அடிச்சதுதான் அடிச்சிட்டீங்க. சட்டை மாட்டுற கட்டைக்கும் ரெண்டு ஆணி அடிச்சிடுங்க."

வீட்டில் புழங்க வேண்டும் என்றுதானே மேனேஜர் சொன்னார்? தானும் வீட்டு மனிதர்தானே? இப்படிக் கீறலார் தம் மனசாட்சிக்கு இரண்டு கோட்டிங் பூச்சு அடித்தார். அதற்கு மேல் அவரைப் பிடிக்க முடியவில்லை.

வீட்டுக்காரியும் தடுக்காமல் இல்லை. தடுத்தாள், ஒவ்வொரு தடவையும்.

"வேண்டாங்க. அதை உள்ள விட்டு அந்தச் சாக்கடைக் குழாய் அடைப்பைக் குத்திடாதீங்க. நாசமாயிடும்."

கீறலார் குத்தினார். வருஷக்கணக்கில் அடைத்துக்கொண்டிருந்த குழாய் 'மடமட'வென்று வழிவிட்டது. அவர் சட்டை நாசமாயிற்று.

"அதோட மட்டும் பரண் மேல ஏறிடாதீங்க. மேல எல்லாம் இரும்புப் பெட்டி. இழுத்து எறக்கும்போது உரசிடும்."

கீறலார் ஏறினார். பெட்டி பெட்டியாக இறக்கினார். ஒவ்வொன்றுக்கும் டார்ச்சைக் குறுக்கே கொடுத்து நெம்பினார். பரண் பளிச்சென்று ஆயிற்று. முழங்கை சிராய்த்தது, முழங்கால் தேய்ந்தது, ஒரு பெட்டி மூக்கின் நுனியைத் தொட்டுவிட்டுப் போனது. டார்ச்சு மட்டும் புது மாப்பிள்ளை மாதிரி மினுமினுத்தது. வீட்டுக்காரி ஓரமாக நின்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "கொல்லைக் கதவுக் கீலை மட்டும் தட்டிடாதீங்க" என்றாள்.

மாதம் முடிந்தது. வீட்டில் ஆடாத கட்டில், ஒழுகாத குழாய், கிறீச்சிடாத கதவு. 'என் மனைவி ஒரு மாதம் இதை அடித்து, உதைத்து, உருட்டிப் புழங்கினாள். பூச்சு அசையவில்லை' என்று கீறலார் அறிக்கை கொடுத்தார். மேனேஜருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அன்று சாயங்காலமே சொல்லாமல் கொள்ளாமல் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"அம்மா, நீங்கதானா அது! உங்க கையைப் பத்தி சார் ஆபீஸ்ல அவ்வளவு சொன்னாரு. நேர்ல ஒரு கும்பிடு போட்டுட்டுப் போகலாம்னு வந்தேன்."

"என் கையைப் பத்தியா? என்ன சொன்னாரு சார்?"

கீறலார் இருமினார். மேனேஜருக்கு இருமல் புரியவில்லை.

"உங்க கை பட்டா இரும்பே அழுமாமே! நீங்க பாத்திரம் வச்சா, பக்கத்துத் தெரு நாய்..."

"நாய் வேறயா?" என்றாள் வீட்டுக்காரி.

மேனேஜரை உள்ளே உட்காரவைத்து, தேநீர்க் கோப்பையை அவர் முன்னால் வைத்தாள். பஞ்சு விழுந்தால்கூட அதைவிடச் சத்தம் கேட்டிருக்கும்.

"பதினஞ்சு வருஷமா இந்தக் கையாலதான் சார் இவரைப் புழங்கிக்கிட்டு இருக்கேன். என்னால ஒரு கீறல் விழுந்திருக்கான்னு கேளுங்க."

மேனேஜர் கீறலாரைப் பார்த்தார். நீலக் கட்டைவிரல். முழங்கையில் பிளாஸ்திரி. மூக்கு நுனியில் தோல் இல்லை.

"அப்ப இதெல்லாம்?"

"இதெல்லாம் டார்ச்சால அவரே வாங்கிக்கிட்டது. நான் அதைக் காலுறையில சுத்தி பீரோவுல வச்சிருந்தேன் சார். ஒரு ஆணிகூட அடிச்சதில்லை."

மேனேஜர் கோப்பையைக் கீழே வைத்தார். இந்தத் தடவை சத்தம் கேட்டது.

"என்ன சார் இது? சோதிக்கறவரே புழங்கிட்டு, அறிக்கையில பொய் வேற! இது செல்லாது. இன்னொரு மாசம் பண்ணுங்க. புழங்கறது நீங்க, சோதிக்கறது அம்மா. அவங்க கையெழுத்துப் போட்டாத்தான் நான் ஒத்துப்பேன்."

"சார், புழங்குறவனுக்குத் தெரிஞ்சா நடிப்பான்னு நீங்கதானே..."

மேனேஜர் இன்னொரு தரம் அந்த மூக்கைப் பார்த்தார். "இவ்வளவு தத்ரூபமா யாராலயும் நடிக்க முடியாது சார். நாற்காலிப் பேச்சு அப்புறம்."

மேனேஜரை வழியனுப்பிவிட்டுக் கீறலார் கதவைச் சாத்தினார். டார்ச்சின் சாயம் ஒரு மாதம் தாங்கியது. அவர் சாயம் ஒரு வாய்த் தேநீருக்குத் தாங்கவில்லை.

"இது சோதனைன்னு உனக்கு எப்பத் தெரியும்?"

"குடுத்த அன்னிக்கே. அடிமூடியில 'மாதிரி, விற்பனைக்கு அல்ல'ன்னு அச்சடிச்சிருக்கு. விக்காத பொருளை எந்தக் கடையில ஆசையா வாங்கினீங்களோ!"

தினமும் பூதக்கண்ணாடி பிடிக்கிற மனுஷர் டார்ச்சைத் திருப்பிப் பார்த்தார். கண்ணாடியே வேண்டியிருக்கவில்லை. அவ்வளவு பெரிய எழுத்து.

"அப்ப நீ அழுததெல்லாம் நடிப்பா?"

"அன்னிக்கு ராத்திரி அந்த எழுத்தைப் படிச்சுட்டு, திரும்பக் காலுறையில சுத்தி வைக்கும்போது அழுதது நிஜம். நீங்க பாக்கலை. மத்ததெல்லாம் நடிப்பு."

கீறலாருக்கு "மன்னிச்சுடு" என்று ஒரு சொல் தொண்டை வரைக்கும் வந்தது. அதற்குள் அவள் ஒரு வாளியையும் துடைப்பத்தையும் கொண்டுவந்து அவர் காலடியில், சத்தமே இல்லாமல், வைத்தாள்.

"மொட்டை மாடித் தண்ணித் தொட்டியிலேர்ந்து ஆரம்பிங்க. அவசரமே இல்லை, நிதானமாப் பண்ணுங்க. சரியா வரலைன்னா, உங்க மேனேஜர்கிட்ட இன்னும் ஒரு வருஷம் கேட்டு வாங்கிக்கறேன்."