மதிலுக்கு மேல் ஒரு சக்கை

சட்டம் சுத்தமாகத் தெரியாதவர்களோடு பக்கத்து வீட்டில் குடியிருந்துவிடலாம். அரைகுறையாகத் தெரிந்தவர்கள்தான் ஆபத்து. இதை நான் உறுதியாகச் சொல்ல முடியும், ஏனென்றால் எங்கள் தெருவில் அந்த ஆபத்து நான்தான்.

வீடு கட்டியபோது வரைபட அனுமதிக்காக நகராட்சிக்கு நடந்து நடந்து என் செருப்பு தேய்ந்தது. அதற்குப் பதிலாகச் சட்டம் முழுக்கத் தெரிந்துவிட்டது என்றொரு மயக்கம் வந்து சேர்ந்தது. சாப்பாட்டு மேசையில்கூட எல்லைக் கல், மதில் உயரம், மரக் கொப்பு என்றே பேசுவேன். என் கணவர் டென்னிஸ் குழம்பை ஊற்றிக்கொண்டு, "ஏட்டி பீனா, இந்த மீன் எந்தச் சட்டப்படி உப்பில்லாம இருக்கு?" என்று கேட்பார். (கணக்கு டீச்சரிடம் இப்படியெல்லாம் கேட்கலாமா?)

பக்கத்து வீடு ஸ்டெல்லா அக்காவுடையது. அவர்கள் முற்றத்தில் ஒரு சக்கை மரம். வெளியூர்க்காரர்களுக்காக: நீங்கள் பலாப்பழம் என்பதை எங்கள் ஜில்லாவில் சக்கை என்போம். அந்த மரத்தின் பெரிய கொப்பு ஒன்று எங்கள் மதிலைத் தாண்டி வந்து, நாங்கள் கடன் வாங்கி வாங்கிய காருக்கு நேர் மேலே நின்றது. அதில் ஒரு குடும்பமே தொங்குவதுபோல் சக்கைகள்.

"அக்கா, கொப்பை வெட்டுங்க. எல்லை தாண்டி வந்தா வெட்டணும்னு சட்டம் இருக்கு."

"காய்ச்ச மரத்தை எவளாவது வெட்டுவாளாட்டி? விழுந்தா நீ எடுத்துத் தின்னு மக்கா."

எனக்குச் சுருக்கென்று கோபம் ஏறியது. அன்றைக்கே தெருமுனை வரை நீளும் எங்கள் மதிலுக்கு மேல் இன்னும் ஓர் ஆள் உயரத்துக்குப் பச்சை வலை கட்டினேன். அக்காவின் முகத்தையே பார்க்கக் கூடாது என்று சபதம். வலை கட்டிய கையோடு நகராட்சிக்குப் போன் போட்டேன்.

எடுத்தவர் சுகாதார ஆய்வாளர். விருதுநகர்ப் பக்கத்திலிருந்து அப்போதுதான் மாறுதலாகி வந்திருந்தார் என்பது பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அவர் ஊரில் சக்கை என்றால் கரும்பைப் பிழிந்தபின் மிஞ்சுவது. அதாவது, கழிவு.

"சார், பக்கத்து வீட்டுச் சக்கை எல்லாம் எங்க மதிலுக்கு மேல வந்து கிடக்கு."

"சக்கையா மேடம்? எவ்வளவு நாளா?"

"ரெண்டு மாசமா. நாளுக்கு நாள் பெருசாயிட்டே போகுது. வாடை தெரு முழுக்க வருது. ஈ வேற."

"அப்புறப்படுத்தச் சொன்னீங்களா?"

"சொன்னேனே! விழுந்தா நீ எடுத்துத் தின்னுன்னு சொல்லுகாவ சார்!"

அவர் பதறிப்போய், "தின்னச் சொன்னாங்களா? மேடம், நீங்க பயப்படாதீங்க. நானே நேர்ல வர்றேன்" என்றார். ஒரு கொப்புக்கு இவ்வளவு கரிசனமா என்று நான் பூரித்துப்போனேன். அரசாங்கம் என்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும்!

வருகிறேன் என்றவர் வரவில்லை. நானும் மறந்துவிட்டேன். வெள்ளிக்கிழமை மாலை ஸ்டெல்லா அக்கா எங்கள் கேட்டில் வந்து நின்றார்கள். முகம் வாடியிருந்தது.

"பீனா, நாளைக்கு ஜெனியைப் பாக்கக் கருங்கல் ஊர்லேருந்து மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வாறாவ. இதுக்கு முன்ன ரெண்டு எடம் தட்டிப்போச்சு. இது நடக்கணும். நாளைக்கு ஒரு நாள் மட்டும் உனக்க சட்டத்தை மடிச்சு வச்சிரு, கேட்டியா."

ஜெனி அவர்களுடைய ஒரே மகள். என்னிடம் கணக்குப் படித்தவள், என் செல்லம். அம்மாவின் முதுகுக்குப் பின்னாலிருந்து அவள், "டீச்சர், எனக்கு இந்த ஆளைப் பிடிச்சிருக்கு" என்று உதட்டசைவில் சொன்னாள். எனக்கு நெஞ்சு இளகிவிட்டது. நான் மூச்சுகூட விட மாட்டேன் என்று சத்தியம் செய்தேன்.

சனிக்கிழமை காலையில் ஒரு சக்கை தானாக விழுந்தது. காருக்கு ஒரு கீறலும் இல்லை. சரி, விழுந்ததை எடுத்துத் தின்னச் சொல்லியிருக்கிறார்களே என்று கையில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு, பிசின் வழிய வெட்டினேன். அதற்குள் மாப்பிள்ளை வீட்டார் வேன் வந்து நின்றது. மாப்பிள்ளையைப் பார்க்காமல் இருக்க முடியுமா? ஸ்டூலை மதிலோரம் போட்டு ஏறி, அக்கா வீட்டு முற்றத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவர்களை வலையின் ஓட்டை வழியாகப் பார்த்தேன். சுளைத் தட்டை மதில்மேல் வைத்துக்கொண்டேன். மாப்பிள்ளை கொள்ளாம், ஆள் நன்றாகத்தான் இருந்தார். மாப்பிள்ளையின் அம்மாதான், காலேஜ் பிரின்சிபால் போல் விறைப்பாக இருந்தார்கள்.

அந்த நேரம் பார்த்துத் தெருவில் ஒலிபெருக்கி: "மக்கும் குப்பை, மக்காக் குப்பை..." (மக்கா என்பது எங்கள் ஊரில் செல்லமாகக் கூப்பிடுவது. வண்டி வந்த புதிதில், "ஆரு மக்கா கூப்பிடுகது?" என்று வெளியே வந்து பார்த்தவர்கள் நாங்கள்.) குப்பை வண்டி ஸ்டெல்லா அக்கா வீட்டு வாசலில் நின்றது. ஆய்வாளர் இறங்கினார். பின்னால் முகக்கவசம், மண்வெட்டி, பிளீச்சிங் பவுடர் சகிதம் ஒரு பட்டாளம்.

"இங்க சக்கை குவிச்சு வச்சிருக்கீங்கன்னு புகார் வந்திருக்கு."

"குவிச்சா? மரத்துலயாக்கும் கிடக்கு!" என்றார்கள் அக்கா.

"மரத்துல கட்டித் தொங்க விட்டிருக்கீங்களா?"

"கெட்டவா? தானா தொங்குகதாக்கும்!"

மாப்பிள்ளையின் அம்மா எழுந்துவிட்டார்கள். "ஆரு புகார் சொன்னது? அயல்வீட்டோட வழக்கா? வழக்குள்ள எடத்துல நாங்க பெண்ணெடுக்க மாட்டோம்." கைப்பையையும் எடுத்துவிட்டார்கள். கதவோரம் ஜெனி தேயிலை டம்ளர்கள் வைத்த தட்டோடு நின்றாள். கண் நிறைந்துவிட்டது. படுபாவி பீனா, உன் வாயில் சக்கைப் பிசினை ஊற்ற என்று என்னையே வைதுகொண்டேன்.

ஆய்வாளரோ அடுத்த காரியத்துக்குப் போய்விட்டார். மதிலைப் பார்த்தார், வலையைப் பார்த்தார்.

"இது யார் கட்டினது? தெருமுனையில இவ்வளவு உயரத்துக்கு மறைப்புக் கட்டக் கூடாது. திரும்புற வண்டிக்கு எதிர்ல வர்றது தெரியுமா? அவிழ்த்து விடுங்கப்பா."

அந்தச் சட்டம் மட்டும் எனக்குத் தெரியாமல் போய்விட்டது. கயிறு அறுந்தது, வலை சரிந்தது. ஸ்டூல்மேல் நான். நைட்டி, முழங்கை வரை எண்ணெய், ஒரு கையில் கத்தி, வாய் நிறைய சுளை. மொத்த சம்பந்தி வீடும் என்னைப் பார்த்தது.

"இவளா புகார் சொன்னவ?" என்றார்கள் மாப்பிள்ளையின் அம்மா.

இறங்கி ஓடியிருக்கலாம். ஆனால் ஜெனியின் முகம் தெரிந்தது. சுளையை முழுங்கினேன்.

"ஆமா, நானாக்கும். கொப்பை வெட்டத்தான் சொன்னேன், குப்பைன்னு ஒருநாளும் சொல்லல. இந்த அக்காவோட எனக்கு வழக்கு கிடையாது. இவங்க சொல்லித்தான் இவங்க சக்கையைத் தின்னுட்டு இருக்கேன். நம்பலைன்னா நீங்களும் தின்னு பாருங்க!" என்று தட்டை மதிலுக்கு மேல் நீட்டினேன்.

ஸ்டெல்லா அக்கா சட்டென்று பிடித்துக்கொண்டார்கள். "இவ எனக்க தங்கச்சியாக்கும். காலம்ப என்மேல புகார் சொல்லுவா, மத்தியானம் எனக்க சக்கையைத் தின்னுவா. நாங்க இப்பிடித்தான்."

ஆய்வாளர் தட்டை எட்டிப் பார்த்தார். "இதுவா சக்கை? இது பலாப்பழம்ல!"

முதலில் மாப்பிள்ளை சிரித்தார். அடுத்து ஜெனி. அப்புறம் மண்வெட்டியோடு நின்ற பட்டாளமே சிரித்தது. மாப்பிள்ளையின் அம்மா மட்டும் சிரிக்காமல் மதிலோரம் வந்தார்கள். ஒரு சுளையை எடுத்து வாயில் போட்டார்கள்.

"வருக்கையாக்கும்" என்றார்கள் மெதுவாக. சக்கையில் ஒசத்தி ரகம் அது. இன்னொரு சுளை எடுத்தார்கள். "தன்மேல புகார் குடுத்தவளுக்கும் தின்னக் குடுக்குற வீடு. இனி என்ன பாக்கதுக்கு இருக்கு? நாள் குறிப்போம்."

நான் ஸ்டூலின்மேல் நின்றபடியே கைதட்டினேன். எண்ணெய்க் கை, சத்தமே வரவில்லை. பரவாயில்லை, ஜெனி ஓடிவந்து மதிலுக்கு மேலாக என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

வந்த பட்டாளம் கயிறு கட்டிச் சக்கைகளை இறக்கி, பாதிக்கு மேல் மாப்பிள்ளை வீட்டு வேனில் ஏற்றியது. கொப்பும் வெட்டப்பட்டது. ஆக, என் புகாரின்மேல் முழு நடவடிக்கை! ஆய்வாளர் விரலை நக்கிக்கொண்டே, "பழம் பிரமாதம் மேடம். ஆனா மதில்ல ரெண்டு வரிசைக் கல்லை இறக்கிருங்க" என்றார். இறக்கினோம். இப்போது நானும் ஸ்டெல்லா அக்காவும் ஸ்டூல் இல்லாமலே பேசிக்கொள்கிறோம்.

ஜெனியின் மகள் இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். போன வாரம் அவளுடைய புது டீச்சர், "உங்க அம்மா அப்பா லவ் மேரேஜா, பேசி முடிச்சதா?" என்று வேடிக்கையாகக் கேட்டிருக்கிறார்கள்.

"ரெண்டும் இல்ல டீச்சர். நகராட்சியில புகார் குடுத்து நடந்ததாக்கும்."